ஓடை டிரவுட்டுக்கு எந்த வேடர்ஸ்: கால் சொல்லும் தீர்ப்பு

டிரவுட் மீன் பிடிக்க ஓடையில் இறங்குகிறவர் ஒரு முழு நாளில் மீனைக் கையில் பிடித்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பத்து நிமிடம் தேறாது. நீருக்குள் நிற்பதும், கூழாங்கற்கள் மீது காலை ஊன்றி ஊன்றி நடப்பதும், கரையேறிப் புதர்களை விலக்கிக்கொண்டு அடுத்த மடுவுக்குப் போவதுமாக ஆறேழு மணி நேரம் கழிந்துவிடும். அந்த நேரம் முழுவதும் உடம்போடு ஒட்டியிருப்பது, பாதம் முதல் மார்பு வரை நீர் புகாமல் காக்கும் வேடர்ஸ் என்ற உடை. தூண்டில் கோலுக்கும் சுருளுக்கும் மாதக்கணக்கில் யோசித்துச் செலவிடுகிறவர்கள்கூட இந்த உடையைக் கடைசி வாரத்தில், விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிவிடுகிறார்கள். நான் முதலில் வாங்கியதும் அப்படித்தான். அதை மூன்று பருவங்கள் அணிந்து நடந்த பிறகுதான் ஒன்று விளங்கியது: எந்த நீரில் இறங்குகிறோம், எவ்வளவு தூரம் நடக்கிறோம், நம் கால் என்ன அளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல், இது வசதியான வேடர்ஸ், இது வசதியில்லாதது என்று எவராலும் சொல்ல முடியாது. கடைகளில் கிடைக்கும் வகைகளை அந்தக் கேள்விகளோடு சேர்த்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

நீர் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதால், நான் இறங்கும் நீரை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியின் ஹன்டர்டன் மாவட்டத்தில், ஹை பிரிட்ஜ் என்ற ஊரை ஒட்டி, ராரிட்டன் ஆற்றின் தென்கிளை கென் லாக்வுட் கார்ஜ் என்ற பள்ளத்தாக்கின் வழியே பெரும் பாறைகளுக்கு இடையில் இறங்கி வருகிறது. பெரும்பாலான இடங்களில் தண்ணீர் முழங்காலுக்கும் தொடைக்கும் இடைப்பட்ட ஆழம்தான்; ஆனால் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு அடுத்த அடி வைத்தால் இடுப்பளவு குழி காத்திருக்கும். நியூ யார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், ராஸ்கோ என்ற சிற்றூரில் வில்லோவீமக் ஓடையும் பீவர்கில் ஆறும் கலக்கின்றன. அங்கே ஆறு அகலம், அடியில் உருண்டைக் கற்கள், நடை அதிகம். மூன்றாவது, டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளை. கேனன்ஸ்வில் நீர்த்தேக்கத்தின் அடிமட்டத்திலிருந்து தண்ணீர் திறக்கப்படுவதால், கரையில் 30 டிகிரி செல்சியஸ் வெயில் காயும் ஜூலை மாதத்திலும் அணைக்குக் கீழே நீர் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். டிரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 18 டிகிரி வரை அதற்குச் சுகம். 20 டிகிரியைத் தாண்டினால் நீரில் உயிர்வளி குறைந்து மீன் தவிக்கும், பொறுப்புள்ளவர்கள் தூண்டிலைச் சுருட்டிவிடுவார்கள். ஆகவே டிரவுட் வாழும் நீர் எதுவானாலும் மனிதக் காலுக்கு அது குளிர்நீர்தான். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த உடை ஏன் வேண்டும் என்பது தானாகவே புரியும்.

முதல் தேர்வு உயரம் பற்றியது. தொடை வரை வரும் தனித்தனிக் கால்களாக இடுப்பு வாரில் மாட்டிக்கொள்ளும் வகை, இடுப்பு வரை வரும் கால்சட்டை வகை, மார்பு வரை வந்து தோள் வாரில் தொங்கும் வகை என்று மூன்று உண்டு. தொடை வரை வருவது இலகுவானது, மலிவானது, நொடியில் மாட்டிக் கழற்றலாம். தாண்டிவிடக்கூடிய சிற்றோடைகளுக்கு அது போதும் என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. சிற்றோடையில் மீன் கண்ணில் படாமல் இருக்க நாம் செய்யும் முதல் வேலை முழங்காலிட்டுத் தவழ்வதும் ஈரப் புல்லில் உட்கார்ந்து காத்திருப்பதும்தான். தொடையோடு நிற்கும் உடையில் உட்கார்ந்தவருடைய பின்புறம் பத்து நிமிடத்தில் நனைந்து, மீதி நாள் முழுவதும் அந்த ஈரத்தோடுதான் நடக்க வேண்டும். இடுப்பு வரை வரும் வகை கோடைக்கு மிக நல்லது, மேல் உடம்பு காற்றாட இருக்கும். ஆனால் கார்ஜ் போன்ற இடத்தில் ஒரு தப்படி வைத்தால் நீர் உள்ளே வந்துவிடும். மார்பு வரை வருவதை வாங்கி, வெயில் ஏறியதும் மேல்பகுதியைக் கீழே மடித்து இடுப்பில் வாரால் இறுக்கிக்கொண்டால் இரண்டு உடைகளின் வேலையையும் ஒன்றே செய்துவிடும். தோள் வாரை இப்படி மாற்றிக்கொள்ள வசதியுள்ளதா என்று வாங்கும் முன் பார்ப்பது நல்லது. சிலவற்றில் மடித்தால் துணி இடுப்பில் பொதியாகச் சேர்ந்து குனிய விடாது.

அடுத்தது துணி. ரப்பர் பூசிய துணியும் பிவிசி பூசிய நைலானும் மிக மலிவு. குளிரைத் தடுக்காது, வியர்வையையும் வெளியே விடாது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு மணி நேரம் இறங்குகிறவருக்கு அது போதும். மற்றவர்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உண்மையான போட்டி நியோபிரீனுக்கும், மூச்சுவிடும் துணி என்று சொல்லப்படும் வகைக்கும் இடையில்தான். நியோபிரீன் என்பது 1930இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த செயற்கை ரப்பர். வேடர்ஸில் பயன்படுவது அதன் நுரை வடிவம், உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் அடைபட்டிருக்கும். 3 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை தடிமனில் கிடைக்கிறது. அந்தக் குமிழ்கள்தாம் வெப்பத்தைக் காக்கின்றன. துணி இழுபடும், ஆகவே உடம்போடு பொருந்தும்; முள்ளுக்கும் ஓரளவு தாங்கும். டிசம்பரில் ஒன்டாரியோ ஏரியை நோக்கி ஓடும் சால்மன் ஆற்றில், பனி விழும்போது ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்களுக்கு 5 மில்லிமீட்டர் நியோபிரீனைவிட நல்லது கிடையாது.

ஆனால் ஓடை டிரவுட் பிடிக்கிறவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறார். என் முதல் உடை காலணியோடு ஒட்டிய 5 மில்லிமீட்டர் நியோபிரீன். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அதை அணிந்து வில்லோவீமக் கரையில் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். நீரில் இறங்கியபோது இதமாக இருந்தது. ஆனால் அதற்குள் உள்ளே அணிந்திருந்த பருத்திக் கால்சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டது. அரை மணியில் அந்த வியர்வை குளிர்ந்து, தொடையில் ஈரத் துணியைச் சுற்றியதுபோல ஆனது. மாலையில் கழற்றும்போது காலைப் பிடித்து உறிக்க வேண்டியிருந்தது. முழங்காலின் பின்புறம் தோல் சிவந்து எரிந்தது. நீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை, ஆனாலும் ஓடையில் விழுந்தவனைப்போல நனைந்திருந்தேன். நியோபிரீன் கெட்ட துணி என்று இதனால் ஆகிவிடாது. நிற்பதற்காகச் செய்ததை நடப்பதற்கு வாங்கியதுதான் என் பிழை.

மூச்சுவிடும் துணியில் வெளியே நைலான் அல்லது பாலியெஸ்டர், நடுவே மிக மெல்லிய சவ்வு, உள்ளே காப்புத் துணி என்று அடுக்குகள் இருக்கும். இந்தச் சவ்வுகளில் பெயர் பெற்றது கோர்-டெக்ஸ். 1969இல் ராபர்ட் கோர் கண்டறிந்த, இழுத்து விரிக்கப்பட்ட பிடிஎஃப்இ என்ற பொருளிலிருந்து வந்தது. அதன் துளைகள் நீர்த்துளியைவிட 20,000 மடங்கு சிறியவை, நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியவை என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. அதனால் வெளிநீர் உள்ளே வராது, உள்ளிருக்கும் வியர்வை ஆவியாக வெளியே போகும். கோர்-டெக்ஸ் அல்லாத சவ்வுகளும் பல நிறுவனங்களில் உண்டு. நடுத்தர விலையில் கிடைப்பவற்றில் பல, நடக்கிற மனிதனின் வியர்வையைச் சமாளிக்கப் போதுமானவை என்பது என் அனுபவம்.

இதில் ஒரு செய்தியைக் கடைக்காரர்கள் தெளிவாகச் சொல்வதில்லை. ஆவி வெளியே போக வேண்டுமானால் உள்ளே வெப்பமும் ஈரமும் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். நடக்கும்போதும், நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதியிலும் இது நன்றாக வேலை செய்கிறது. நீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதியில், குளிர்நீர் பட்டுத் துணியின் உட்புறம் குளிர்ந்துவிடுவதால் ஆவி அங்கேயே துளியாகப் படியும். மேற்கு டெலவேரின் 10 டிகிரி நீரில் இரண்டு மணி நேரம் நின்றபின் உள்ளே கையை விட்டால் முழங்காலுக்குக் கீழே இலேசான ஈரம் தட்டுப்படும். உடை ஒழுகுகிறது என்று பதறிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் சென்றவர்களை எனக்குத் தெரியும். ஒழுகினால் ஈரம் ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பரவும், காலுறை சொட்டச் சொட்ட நனையும். வியர்வை என்றால் கால் முழுவதும் சமமாக, பனி படிந்ததுபோல இருக்கும்.

இந்தத் துணிக்குத் தனக்கென வெப்பம் கிடையாது என்பதுதான் அதன் குறையும் நிறையும். குளிருக்கு ஏற்றபடி உள்ளே நாமே உடுத்திக்கொள்ளலாம்: ஏப்ரலில் கம்பளி உள்ளாடையும் அதன்மேல் ஃபிளீஸ் என்ற மென்மையான செயற்கை இழைத் துணியாலான தடித்த கால்சட்டையும், ஜூனில் மெல்லிய செயற்கை இழைக் கால்சட்டை மட்டும். பருத்தியும் ஜீன்ஸும் கூடவே கூடாது. பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஜீன்ஸின் தடித்த தையல் முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும். ஒரே உடையை மார்ச் முதல் நவம்பர் வரை பயன்படுத்தலாம் என்பது நியோபிரீனில் கிடைக்காத வசதி. எடையிலும் வேறுபாடு பெரிது. நியோபிரீனை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு நடக்க யாரும் விரும்பமாட்டார்கள். மூச்சுவிடும் வகையை ஒரு மழைச்சட்டைபோலச் சுருட்டிவிடலாம்.

துணியைவிடவும் நாளின் முடிவில் காலுக்குத் தெரிவது பாத அமைப்பு. காலணி உடையோடு ஒட்டிவருவதைப் பூட்-ஃபுட் என்றும், காலுறைபோன்ற நியோபிரீன் பாதம் மட்டும் வந்து, அதன்மேல் தனிக் காலணி அணிந்துகொள்வதை ஸ்டாக்கிங்-ஃபுட் என்றும் சொல்கிறார்கள். முதல் வகையில் கயிறு கட்டும் வேலை இல்லை. குனிந்து முடிச்சுப் போட முடியாத முதியவர்களுக்கும், கடுங்குளிரில் நிற்பவர்களுக்கும், கடலோர மணலில் மீன் பிடிப்பவர்களுக்கும் அதுவே நல்லது. காலணிக்குள் காற்றுக்கு இடம் இருப்பதால் பாதம் சூடாகவும் இருக்கும். ஆனால் கணுக்காலுக்குப் பிடிமானம் கிடையாது. உருண்டைக் கற்கள் மீது ஒவ்வோர் அடியிலும் பாதம் ஒரு பக்கம் சாயும். அப்போது காலணி ஒரு திசையிலும் கால் ஒரு திசையிலும் போகும். மூன்று மணி நேரம் அப்படி நடந்தால் முன்காலின் தசை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தனிக் காலணியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் மலையேறும் காலணிபோலக் கணுக்காலைத் தாங்கும். காலணி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். நடந்து மீன் பிடிக்கும் ஓடைக்கு ஸ்டாக்கிங்-ஃபுட் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்தத் தனிக் காலணி வாங்கும்போது நேரும் தவறு ஒன்று உண்டு. நியோபிரீன் பாதம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே கம்பளிக் காலுறையும் இருக்கும். வழக்கமான அளவுக் காலணியில் இவ்வளவையும் திணித்தால் பாதம் நெருங்கி, இரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள் மரத்துப்போகும். பாதம் குளிர்கிறதே என்று இன்னொரு காலுறையை மாட்டுவார்கள். அதனால் மேலும் நெருங்கி மேலும் குளிரும். ஒரு அளவு பெரிதாக வாங்கி, விரல்களை உள்ளே அசைக்க இடமிருக்கிறதா என்று பார்ப்பதே சரி. வேடர்ஸின் பாதப்பகுதியும் தன் பங்குக்குச் சரியாக இருக்க வேண்டும்: பெரிதாக இருந்தால் காலணிக்குள் மடிந்து, அந்த மடிப்பு கல்போலக் குத்தும், அதே மடிப்பில்தான் பின்னர் ஒழுகலும் தொடங்கும்.

அளவைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் மிகையாகாது. என்னை முதன்முதலில் ஓடைக்கு அழைத்துச் சென்ற அண்ணன் ஒருவர், நான் இரண்டாவது உடை வாங்கியபோது கடைக்கு உடன் வந்தார். நான் அணிந்துகொண்டு கண்ணாடி முன் நின்றேன். "தம்பி, நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது, முட்டி போட்டு உட்காருங்க, அப்புறம் அந்த நாற்காலி மேல ஒரு கால் எடுத்து வைங்க" என்றார். உட்கார்ந்தபோது முழங்காலில் துணி இறுகி, தோள் வார் கழுத்தை இழுத்தது. நாற்காலியில் காலை வைக்கப் போனபோது பாதி உயரத்திலேயே தொடைச்சந்து தடுத்துவிட்டது, ஏனெனில் கால்களின் பிரிவு மிகத் தாழ்ந்து இருந்தது. ஓடையில் பாறைமேல் ஏறுவதும் சாய்ந்து கிடக்கும் மரத்தைத் தாண்டுவதும் அந்த நாற்காலி உயரம்தான். அந்த உடையை வைத்துவிட்டு, அதே அளவில் கால் நீளம் குறைந்ததை எடுத்தோம். இன்றும் அதைத்தான் அணிகிறேன்.

பெரும்பாலான அமெரிக்க அளவுகள் உயரமான, அகன்ற உடல்வாகுக்கு வெட்டப்பட்டவை. நம்மவர்களில் பலருக்கு இடுப்பளவு பொருந்தினால் கால் நீளம் கூடிவிடும். கூடிய நீளம் முழங்காலிலும் கணுக்காலிலும் மடிப்பாகச் சேரும். நடக்கும்போது இரண்டு கால்களின் உட்புறமும் உரசி, முதலில் கிழிவது அந்த இடம்தான். ஆகவே இடுப்பளவோடு கால் நீளம், மார்புச் சுற்று, பாத அளவு ஆகியவற்றையும் அளந்து, நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். குட்டை, நெட்டை, பருமன் என்று இடைப்பட்ட அளவுகள் தரும் நிறுவனங்களை நாடுவது பயன் தரும். அளக்கும்போது உள்ளே அணியப்போகும் தடித்த ஃபிளீஸையும் அணிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு ஆண்களின் சிறிய அளவைக் கொடுத்துச் சமாளித்த காலம் ஒன்று இருந்தது. இடுப்பில் இறுக்கமும் மார்பில் தொளதொளப்பும் பாதத்தில் பெரிய மடிப்புமாக, என் மனைவி ஒரு பருவம் முழுவதும் அப்படி ஒன்றில் துன்பப்பட்டார். இப்போது பெண்களுக்கென்றே வெட்டப்பட்டவை நன்றாகக் கிடைக்கின்றன. அதைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். நீர் புகாத ஜிப் உள்ளவை விலை கூடுதல். ஆனால் மேற்சட்டை, பை, தோள் வார் எல்லாவற்றையும் கழற்றாமல் இயற்கை அழைப்புக்குப் போக முடிகிறது என்பது ஏப்ரல் குளிரில் சிறிய வசதி அன்று. அதற்கு அஞ்சி நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு.

காலணியின் அடிப்பாகம் வசதி, பாதுகாப்பு, ஓடையின் நலன் மூன்றும் சந்திக்கும் இடம். அழுத்திய கம்பளிபோன்ற ஃபெல்ட் அடி, பாசி படிந்த கல்லில் பிடிப்பதுபோல வேறெதுவும் பிடிக்காது. வில்லோவீமக்கின் வழுக்குக் கற்களில் அதன் அருமை தெரியும். ஆனால் சேற்றுக் கரையில் அது சறுக்கும், பனியில் அடியில் பனிக்கட்டி உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய குறை, அது எளிதில் காய்வதில்லை. ஓர் ஓடையின் நுண்பாசியும், மீன்நோய்க் கிருமிகளும், நத்தைக் குஞ்சுகளும் அந்த ஈர இழைக்குள் உயிரோடு அடுத்த ஓடைக்குப் பயணம் செய்யும். நியூசிலாந்து சேற்று நத்தை மிளகைவிடச் சிறியது. ஒரே ஒரு பெண் நத்தை துணையின்றித் தானே பெருகி ஓடையை நிரப்பிவிடும். பென்சில்வேனியாவின் புகழ்பெற்ற ஸ்பிரிங் கிரீக்கில் 2013இல் அது கண்டறியப்பட்டது. டிடிமோ என்ற பாசி பரவியபின் நியூசிலாந்து 2008இல் ஃபெல்ட் அடியைத் தடை செய்தது. அமெரிக்காவில் மேரிலாந்து 2011இலும் அலாஸ்கா 2012இலும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 2018இலும் தடை விதித்தன. வெர்மான்ட் 2011இல் விதித்து 2016இல் விலக்கிக்கொண்டது. வெளியூர் ஓடைக்குப் போகும் முன் அந்த இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்வது நம் கடமை.

ரப்பர் அடி மட்டும் இருந்தால் பாசிக் கல்லில் போதாது. அதில் டங்ஸ்டன் கார்பைடு ஆணிகளைத் திருகிக்கொண்டால் ஃபெல்ட்டுக்கு நெருங்கி வருகிறது, கரையில் நடக்கவும் நன்றாக இருக்கிறது, இரவோடிரவாகக் காய்ந்தும் விடுகிறது. ஒரு குறை: கல்லில் ஆணி உரசும் ஒலி அமைதியான மடுவில் மீனைக் கலைக்கும். அங்கே நான் மெல்ல நடக்கிறேன், அவ்வளவுதான். ஒரே ஓடையில் மட்டும் இறங்குகிறவர் ஃபெல்ட் அணிவதை நான் குறை சொல்லமாட்டேன். பல ஓடைகளுக்குப் போகிறவர் ஆணி பதித்த ரப்பரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். எதுவானாலும் வீடு திரும்பியதும் சேற்றைத் தேய்த்துக் கழுவி முற்றாகக் காயவைக்க வேண்டும்.

இடுப்பு வார் எந்த உடைக்கும் கட்டாயம். நீர் நிறைந்த வேடர்ஸ் ஆளை அடியில் இழுத்துவிடும் என்று பரவலாக நம்புகிறார்கள். நீருக்குள் இருக்கும் நீருக்கு எடை கிடையாது, அது இழுக்காது. ஆனால் நீர் புகுந்த உடையோடு ஓட்டத்தில் எழுந்து நிற்பதும் கரையேறுவதும் மிகக் கடினம், குளிர்நீர் உடம்பை உடனே விறைக்கச் செய்யும். வாரை விலாவுக்குக் கீழே இறுகக் கட்டினால் உள்ளே புகும் நீர் வெகுவாகக் குறைகிறது. தொளதொள உடைக்கும் இறுகிய உடைக்கும் இது பொது. கையில் ஊன்றுகோல் ஒன்றும் இருக்கட்டும்.

உழைக்கும் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நியோபிரீனில் துளை விழுந்தால் கண்டுபிடிப்பது தொல்லை; மூச்சுவிடும் துணியில் அது எளிது. உடையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைத் தெளிப்பானில் ஊற்றி, முழங்காலையும் தொடைச் சந்தையும் நோக்கித் தெளித்தால், ஊசித்துளை இருக்கும் இடம் மட்டும் கடுகு அளவுக் கரும்புள்ளியாகத் தெரியும். கடந்த அக்டோபரில் என் இடது முழங்காலில் இப்படி நான்கு புள்ளிகள், ஒரே வரிசையில்: ரோஜா முள் புதரைத் தாண்டிய நாளின் கணக்கு. ஒவ்வொன்றின் மீதும் நீர்ப்புகாப் பசையை ஒரு சொட்டு வைத்து விரலால் தடவிவிட்டேன். மறுநாள் காலையில் உடை புதிதாகிவிட்டது. பயன்பாட்டுக்குப் பின் இரண்டு புறமும் காயவைத்துத் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு மடித்து வண்டியின் பின்பெட்டியில் போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிய நாடாக்கள் தையலிலிருந்து உரியும்.

இனி விலை. நியோபிரீன் நூறு டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. மூச்சுவிடும் வகை 150, 200 டாலரில் தொடங்கி, சிம்ஸ், பேட்டகோனியா போன்ற நிறுவனங்களின் உயர்தர உடைகளில் 700ஐயும் தாண்டுகிறது. விலை ஏறும்போது கூடுவது பெரும்பாலும் காலில் உள்ள துணியடுக்குகளின் எண்ணிக்கை, முழங்கால் வெட்டு, பழுது பார்த்துத் தரும் உறுதி ஆகியவை. மூச்சுவிடும் திறன் அதே வீதத்தில் கூடுவதில்லை. வாரம் இருமுறை முட்புதருக்குள் நடக்கிறவருக்கு அந்த அடுக்குகள் தேவை. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் இறங்குகிறவருக்கு 200 முதல் 300 டாலர் வரையிலான மார்பளவு ஸ்டாக்கிங்-ஃபுட் போதும். மிச்சப்படும் பணத்தில் நல்ல காலணி வாங்குங்கள். 500 டாலர் உடையையும் 60 டாலர் காலணியையும் சேர்த்து வாங்கியவரைவிட, 250 டாலர் உடையையும் 180 டாலர் காலணியையும் வாங்கியவர் மாலையில் நன்றாக நடப்பார். பனிக்காலத்தில் மட்டும் நின்று பிடிக்கிறவர், உடம்பு எளிதில் குளிர்ந்துவிடுகிறவர் ஆகியோருக்கு நியோபிரீன். அவர்களும் 5 மில்லிமீட்டருக்குப் போகும் முன் 3 மில்லிமீட்டரை அணிந்து பார்க்கட்டும்.

இவை எதுவும் வேண்டாத நாட்களும் உண்டு. ஜூன் கடைசியில், வெயில் ஏறுமுன் விடியற்காலையில், கார்ஜின் நீர் 16 அல்லது 17 டிகிரி இருக்கும்போது, விரைவில் காயும் கால்சட்டையும் கம்பளிக் காலுறையும் அதே ஆணிக் காலணியும் அணிந்து வேடர்ஸ் இல்லாமல் இறங்கிவிடுகிறேன். காலணி பெரிதாக இருப்பதால் நியோபிரீன் காலுறை ஒன்றை உள்ளே போட்டு நிரப்பிக்கொள்கிறேன். முதல் இரண்டு நிமிடம் முழங்கால் கூசும், பிறகு பழகிவிடும். அதே நாள் மாலை மேற்கு டெலவேருக்குப் போவதென்றால் வேடர்ஸும் ஃபிளீஸும் வண்டியில் இருக்கும், ஏனென்றால் அங்கே அணைக்கடியிலிருந்து வரும் நீரில் வேடர்ஸ் இல்லாமல் கால்மணி நேரத்துக்கு மேல் என்னால் நிற்க முடிந்ததில்லை.